தண்ணீர் படாத மாத்திரை

என் பெண்டாட்டிக்கு மூத்திரம் வரவில்லை. இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன்.

ஈஸ்டர் ஞாயிறு மதியம் கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு குழாய் செருகி, அதன் முனையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிலோரம் மாட்டினார்கள். நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். பை என் கண்ணுக்கு நேராகத் தொங்கியது. அதில் ஒன்றும் இல்லை. ஓரத்தில் கோடுகளும் எண்களும் இருந்தன. எல்லாக் கோட்டுக்கும் கீழே, அடியில், பிளாஸ்டிக் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு கிடந்தது. புதுப் பை. கடையில் வாங்கி வந்ததுபோலவே இருந்தது.

மலை ரோட்டில் டிராக்டர் கவிழ்ந்தபோது நான் இப்படிப் பயப்படவில்லை. அப்போது பயப்பட நேரமே இல்லை. இங்கே நேரம் நிறைய இருந்தது.

டிராக்டரைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. கல்வராயன் மலையில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு கீழே ஜவ்வரிசி ஆலைக்கு இறங்குவது என் தொழில். ஒரு வளைவில் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளி, வண்டி குடைசாய்ந்து, என் இடுப்பெலும்பு உடைந்தது. மாதக்கணக்கில் மல்லாந்து கிடந்தேன். நடப்பேனா மாட்டேனா என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தச் சமயத்தில்தான் அவள் நேர்ந்துகொண்டாள். நான் எழுந்து நடந்துவிட்டால், மூன்று பெரிய வெள்ளிக்கு எங்கள் ஊர்க் கரட்டின் சிலுவைப் பாதையை அவள் ஏறுவாள். செருப்பில்லாமல், பொட்டுத் தண்ணீர் இல்லாமல்.

நடக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கே சொன்னாள்.

"என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

"உங்களக் கேட்டுக்கினா நேர்ந்துக்குவாங்க? சாமிகிட்ட கேட்டேன். அவரு வாணான்னு சொல்லல."

எங்கள் ஊர் வடக்கனந்தலைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிறது. ஊருக்குப் பின்னால் வெறும் பாறைக் கரடு. அதில் கீழிருந்து உச்சிவரை பதினான்கு சிலுவைகள் நட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு ஸ்தலம். பெரிய வெள்ளி அன்று காலையில் கிளம்பி, ஒவ்வொரு ஸ்தலத்திலும் பாறையில் முட்டி போட்டு ஜெபித்து, உச்சிக்குப் போவார்கள். இறங்குவதற்குள் வெயில் உச்சியில் நிற்கும். ஏப்ரல் மாத வெயில். பாறையில் மாவு தட்டினால் ரொட்டி ஆகும்.

தண்ணீர் குடிக்கக் கூடாது என்று எந்தப் பங்குச் சாமியாரும் சொன்னதில்லை. சபையின் உபவாசத்தில் தண்ணீருக்குத் தடை கிடையாது. அது எங்கள் ஊர்ப் பெண்கள் போட்ட சட்டம். வியாழன் மாலை பூசையில் நற்கருணை வாங்கியபின் வாயில் எதுவும் படக்கூடாது. வெள்ளி பிற்பகல் கோவிலில் சிலுவையை முத்தி செய்த, அதாவது முத்தமிட்ட, பிறகுதான் தண்ணீர். சரி, சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை போடுகிற பெண்கள் என்ன செய்வது? அதற்கும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். மாத்திரை சாப்பாடு இல்லை, அதனால் போடலாம். தண்ணீர்தான் உபவாசத்தை முறிக்கும். ஆக, மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் விழுங்க வேண்டும். எங்கள் ஊரைத் தவிர வேறு எங்கேயும் இப்படி ஒரு மூளை வேலை செய்யாது.

அவளுக்குப் பிரஷர் மாத்திரை தினமும் உண்டு. முட்டி வலியும் உண்டு. கிழங்கு பிடுங்குகிறவளுக்கு முட்டி வலிக்காமல் என்ன செய்யும்? அந்த வலிக்கு பஸ் நிறுத்தத்தில் இருக்கும் மெடிக்கலில் "செட்டு" வாங்குவாள். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் செட்டு தெரியும். டாக்டர் சீட்டு எதுவும் வேண்டாம். என்ன வலி என்று சொன்னால், கடைக்காரர் நாலு டப்பாவிலிருந்து நாலு கலர் மாத்திரையை எடுத்து ஒரு சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுப்பார். அதில் எது என்ன மாத்திரை என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது. வலி போகும், அவ்வளவுதான். அந்த மூன்றாம் வருஷத் தவக்காலத்தில், பெரிய வெள்ளிக்கு முந்திய நாற்பது நாளும், அவள் செட்டுப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனாள்.

மூன்றாவது பெரிய வெள்ளி. காலையில் என் தங்கை வந்துவிட்டாள். அவளும் ஏறுகிறவள். என் பெண்டாட்டி சாமி படத்துக்குக் கீழே நின்று பிரஷர் மாத்திரையைப் போட்டாள். பிறகு செட்டை உறையிலிருந்து உள்ளங்கையில் கொட்டினாள். ஒரு செட்டு இல்லை, இரண்டு. முட்டி போட வேண்டுமே.

"தண்ணி குடிச்சிட்டுப் போடு" என்றேன்.

"இன்னாங்க மொறைக்கிறீங்க? மாத்திரதான போடறேன், சாராயமா குடிக்கிறேன்?"

"தொண்டையில மாட்டிக்கினு சாவப்போற."

"குடிச்சா இந்த வருசம் கணக்குல வராது. அப்புறம் உங்க இடுப்பு மறுபடி ஒடையும். பரவாயில்லியா?"

என் தங்கை சிரித்தாள். "அண்ணன் இடுப்பு ஒடஞ்சா வூட்ல கொஞ்ச நாளு சத்தம் கம்மியா இருக்கும் அண்ணி. யோசிச்சிக்க." பிறகு அவளுக்கு வழி சொல்லிக் கொடுத்தாள். "நாக்குக்கு அடியில எச்சியச் சேத்துக்க. தலையத் தூக்கி ஒரே முழுங்கு. பாரு, இப்டி."

அவள் விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அன்று அவள் உடம்பில் நான் பார்த்த தண்ணீர் அதுதான்.

நான் கரடு ஏறுவதில்லை. இடுப்பு ஒத்துக்கொள்ளாது. அடிவாரத்துப் புளியமரத்தடியில் தண்ணீர் கேனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலே பெண்கள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தார்கள். ஒரு சிலுவை, முட்டி போடுதல், எழுந்திருத்தல். அடுத்த சிலுவை, முட்டி போடுதல், எழுந்திருத்தல். பன்னிரண்டாவது சிலுவையில் எல்லோரும் எழுந்தார்கள், ஒரு புள்ளி மட்டும் எழவில்லை. இரண்டு பேர் குனிந்து தூக்கினார்கள். அது அவள் என்று அந்தத் தூரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

இறங்கி வந்தபோது உதடு வெடித்திருந்தது. ரவிக்கையில் வேர்வை காய்ந்து உப்புக் கோடு போட்டிருந்தது. அப்போதும் தண்ணீரைத் தொடவில்லை. கோவிலுக்குப் போய்ச் சிலுவையை முத்தி செய்துவிட்டு வந்துதான் ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். உடனே வாந்தி எடுத்தாள். படுத்துவிட்டாள். "முடிஞ்சிதுங்க" என்று மட்டும் சொன்னாள். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

சனிக்கிழமை முட்டி வீங்கியது என்று இன்னொரு செட்டுப் போட்டாள். அன்று பகல் முழுக்க அவள் ஒரு முறைகூட மூத்திரம் போகவில்லை. எனக்குத் தெரியாது. என் தங்கையிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். "இத்தன நேரம் காயப் போட்டியே, இனிமே ஒரு சொட்டும் வுட மாட்டேன்னு ஒடம்பு பிடிச்சி வெச்சிக்கினு இருக்குது." ஞாயிறு காலையில் வீட்டில் கறி வெந்துகொண்டிருந்தது. அந்த வாசனைக்கே குமட்டினாள். முகம் உப்பியிருந்தது. காலில் விரலை வைத்து அழுத்தினேன். குழி விழுந்தது. குழி அப்படியே நின்றது. லோடு ஆட்டோவில் மெத்தையைப் போட்டு அவளை ஏற்றினேன்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா சின்ன வயசு. கேள்வி கேட்டுக்கொண்டே எழுதினார்.

"கடைசியா யூரின் எப்ப போனீங்க?"

அவள் என் தங்கையைப் பார்த்தாள். "வெள்ளிக்கெழம காலைல."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. பயம் எனக்குள் வந்தது அந்த இடத்தில்தான். பிறகு ரத்தப் பரிசோதனை வந்தது, கிரியாட்டினின் என்று ஒன்று ஏறிக்கிடக்கிறது என்றார்கள், சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன என்றார்கள். அதெல்லாம் அப்புறம். அந்தப் பேனா நின்றதைத்தான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

"கல்லு இருக்குதா? அடப்பா?" என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன்.

"அடைப்பு இல்லைங்க. ஸ்கேன்ல கிட்னி பார்க்க நல்லாத்தான் இருக்கு. அதுக்குப் போக வேண்டிய ரத்தம் போகல."

"ரத்தம் போவலன்னா? ஒரு வெட்டுக்காயங்கூட இல்லியே."

"என்ன மாத்திரை போட்டாங்க?"

என் தங்கை தன் கைப்பையைத் திறந்து மிச்சமிருந்த செட்டை எடுத்துக் கொடுத்தாள். டாக்டரம்மா உறையைக் கவிழ்த்து, மாத்திரைகளை விரலால் தள்ளிப் பிரித்தார். ஒன்றை மட்டும் தனியாக நகர்த்தினார். ஆரஞ்சுக் கலர், மொச்சைக்கொட்டை அளவு. "வலி மாத்திரை. இது எத்தனை போட்டாங்க? தண்ணியே குடிக்காமலா? வெயில்லயா?" ஒவ்வொரு கேள்விக்கும் என் தங்கையின் தலை இன்னும் கீழே போனது.

அப்புறம் அவர் எனக்கு விளக்கினார். நான் கத்தியதால் விளக்கினாரா, அவர் சுபாவமே அப்படியா தெரியாது. கோபத்தோடு கேட்டேன், ஆனால் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

ரத்தக் குழாய் வெறும் குழாய் இல்லையாம். அதன் உட்புறத்தில் வெங்காயச் சருகைவிட மெல்லிய ஒரு தோல் இருக்கிறதாம். அந்தத் தோல் சும்மா இருப்பதில்லை. சில சரக்குகளைத் தயாரித்து விடுகிறது. ஒன்று குழாயைத் தளர்த்தும், அதற்கு நைட்ரிக் ஆக்சைடு என்று பேர். இன்னொன்று குழாயை இறுக்கும், அது எண்டோதீலின். இரண்டும் நாள் முழுக்க வேலை செய்துகொண்டே இருக்கும். சிறுநீரகத்துக்கு எவ்வளவு ரத்தம் போகும் என்பது இந்த மாதிரி சரக்குகளின் கையில் இருக்கிறது.

"மடை தொறந்து மூடற மாதிரியா?" என்றேன். கோமுகி அணைத் தண்ணீர் பாய்கிற ஊரில் பிறந்தவனுக்கு அதுதான் தெரியும்.

"மடையைத் திறக்க ஒரு ஆள் போகணும் இல்லையா? இதுக்கு ஆள் கிடையாதுங்க. குழாயே முடிவு பண்ணும்."

ஆள் கிடையாதா? நான் வண்டி ஓட்டுகிறவன். எதுவானாலும் பிடிக்க ஒரு கம்பி, மிதிக்க ஒரு கட்டை இருக்கும் என்று நினைக்கிறவன். பிரேக்குக் கட்டை என் காலுக்குக் கீழே இருந்தும் மலையில் ஒரு முறை பிடிக்கவில்லை. இங்கே கட்டையே கிடையாது என்கிறார்.

மிச்சத்தையும் சொன்னார். உடம்பில் தண்ணீர் குறைந்தால், இதயத்தையும் மூளையையும் காப்பாற்ற உடம்பு மற்ற குழாய்களை எல்லாம் இறுக்கும். சிறுநீரகத்துக்குப் போகும் குழாயும் இறுகத்தான் பார்க்கும். அப்போது சிறுநீரகத்தின் குழாய்கள் இன்னொரு சரக்கை விடும். புரோஸ்டாகிளாண்டின். 'எல்லாரும் இறுகினாலும் நீ இறுகாதே' என்று உள்ளே வரும் குழாய்க்கு அது சொல்லிக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஒரு நாள் தண்ணீர் குடிக்காமல் இருந்தாலும் மனிதன் பிழைத்துக்கொள்கிறான்.

"முட்டியில வலியையும் வீக்கத்தையும் கொண்டு வர்றதும் அதே வகைச் சரக்குதாங்க. வலி மாத்திரை அதை உண்டாக்க விடாது. மாத்திரைக்கு முட்டி எது, கிட்னி எதுன்னு தெரியாது. ரெண்டு இடத்துலயும் நிறுத்திடும்."

"அப்ப பிரஷர் மாத்திர?"

"அது நல்ல மாத்திரைதான். ஆனா கிட்னியில இருந்து வெளிய போற குழாயை அது தளர்த்தும். சாதாரணமா அதனால ஒண்ணும் ஆகாது. இப்ப பாருங்க, உள்ள வர்ற வழி சுருங்கிடுச்சு, வெளிய போற வழி தளர்ந்துடுச்சு. நடுவுல வடிகட்டுற இடத்துல அழுத்தமே இல்ல. எப்படி வடியும்?"

அந்தப் பேர்களை மறுபடி சொல்லச் சொன்னேன். மூன்றையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். என் வீட்டில் யாரோ புகுந்திருக்கிறார்கள், அவர்கள் பேராவது தெரிய வேண்டும் என்பதுபோல. யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. மெடிக்கல்காரரை அடிக்கலாம். ஆனால் அவருக்கு அவள் தண்ணீர் குடிக்க மாட்டாள் என்று தெரியாது. ஊர்ப் பெண்களை அடிக்கலாம். அவர்களுக்கு மாத்திரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. சாமியாருக்கு இரண்டுமே தெரியாது. எல்லோருக்கும் பாதி பாதிதான் தெரிந்திருந்தது. அந்தப் பாதிகளுக்கு நடுவில் இவள் படுத்துக் கிடக்கிறாள்.

"வந்துடுமா?" என்று கேட்டேன்.

"பொதுவா வந்துடும். குழாய் மட்டும் இறுகியிருந்தா சீக்கிரம் வரும். ரத்தம் இல்லாம கிட்னியோட அணுக்கள் அடிபட்டிருந்தா நாளாகும். சிலருக்கு டயாலிசிஸ் பண்ண வேண்டி வரும். பார்ப்போம்."

பார்ப்போம். அதைத்தான் செய்தேன். பையைப் பார்த்தேன். சலைன் சொட்டுச் சொட்டாக இறங்கியது. மேலே ஒரு பையிலிருந்து போகிறது, கீழே ஒரு பைக்கு வரவில்லை. நடுவில் அவள் ஊதிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கூடுதலாக ஏற்றினால் நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொள்ளும் என்று நர்ஸ் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு மேலே இருந்த பையைப் பார்க்கவும் பயமாக இருந்தது. எதிர்க் கட்டிலில் ஒருவர் கழுத்தில் குழாயோடு படுத்திருந்தார். டயாலிசிஸ் ஆள். அவர் சம்சாரம் எனக்கு ஆறுதல் சொல்ல வந்தார். "மொதல்ல அப்டித்தான் பயமா இருக்கும்ணா. அப்புறம் பழகிடும்."  பழகுவதா?

அவள் மட்டும் அடங்கவில்லை. கண் இரண்டும் உப்பி இடுக்கு வழியாகத்தான் பார்த்தாள்.

"இன்னாங்க, பையவே பாத்துக்கினு உக்காந்துக்கினு இருக்கீங்க? கறவ மாட்டு மடியப் பாக்கற மாதிரி."

"வாய மூடிக்கினு படு."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு குரல் மாறியது. "ஏங்க. பன்னெண்டாம் ஸ்தலத்துல ரெண்டு பேரு என்னத் தூக்கி வுட்டாங்க. தானா எழுந்திரிக்கல. அது செல்லுமா?"

எனக்குப் புரியவில்லை. "எது?"

"நேர்ச்ச."

இரண்டு சிறுநீரகமும் நின்றுபோய்ப் படுத்திருக்கிறாள். என் இடுப்பைப் பற்றிக் கவலைப்படுகிறாள். எனக்கு வந்த கோபத்தில் கட்டிலைக் குத்தினேன். நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னார்.

வராந்தாவில் என் தங்கை சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். "நான்தாண்ணா எச்சியச் சேத்து முழுங்கச் சொன்னேன்." அவளுக்கு ஆறுதல் சொல்லும் நிலையில் நான் இல்லை. "ஒம் பையில இன்னும் செட்டு இருக்குதா?" என்று கேட்டேன். திறந்து காட்டினாள். அதே காகித உறை, இது என் தங்கையின் சொந்தச் செட்டு. அவளும் வெள்ளிக்கிழமை போட்டுக்கொண்டுதான் ஏறியிருக்கிறாள். "உன்ன வுடு. அன்னிக்கி வேற யாரு போட்டது?" விரலை மடக்க ஆரம்பித்தாள். ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போனதும் போதும் என்றேன். அடிவாரத்தில் உட்கார்ந்து நான் பார்த்த வெள்ளைப் புள்ளிகள் கண்ணுக்கு முன்னால் வந்தன. அத்தனை பேரும் காய்ந்த தொண்டையில் அதே மாத்திரையோடுதான் ஏறியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கு வந்து மூத்திரம் போய்விட்டார்கள். இவள் போகவில்லை. வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை முழுக்கப் பை அப்படியே இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை, டயாலிசிஸுக்கு ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும், கையெழுத்துப் போட இங்கேயே இருங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனார். நான் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். குழாய்க்குள் ஒரு கறுப்புக் கோடு இருந்தது. முன்னால் அது இல்லை. கட்டிலின் நிழல் என்று நினைத்து நகர்ந்து பார்த்தேன். கோடு நகரவில்லை. கீழே வந்தது. கடுங்காப்பி நிறத்தில் ஒரு சொட்டுப் பையின் அடியில் விழுந்து, ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கைப் பிரித்தது.

"சிஸ்டர், மூத்திரம் வந்திடுச்சி" என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

"தண்டோரா போட்டுடுங்க" என்றாள் அவள். சொல்லிவிட்டு அழுதாள். அவளும் பயந்துகொண்டுதான் இருந்தாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

டயாலிசிஸ் தேவைப்படவில்லை. பை நிறைய நாளானது, நிறம் மாற இன்னும் நாளானது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னார்: இனி அந்த வலி மாத்திரை வாழ்நாளில் கூடாது. பிரஷருக்கு வேறு மாத்திரை. அடிபட்ட சிறுநீரகம் தேறியிருக்கிறது, ஆனால் பழையபடி முழுசாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அந்தக் கடைசி வார்த்தையோடுதான் நான் இப்போது குடியிருக்கிறேன். காலையில் அவள் எழுந்து பின்பக்கம் போகிறாள். நான் படுத்தபடியே காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறேன். சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்திருக்கிறேன். முட்டி வலிக்கு உப்பு ஒத்தடம் கொடுக்கிறாள். வலி ஜாஸ்தியாக இருக்கும் நாளில் பஸ் நிறுத்தத்துப் பக்கம் போனால், நானும் பின்னாலேயே போகிறேன். திட்டுகிறாள். திட்டட்டும்.

இந்த வருஷத் தவக்காலத்தில் கோவில் வாசலில் பெண்களை நிறுத்திச் சொன்னேன். மாத்திரை போடுகிறவள் தண்ணீர் குடி, இல்லாவிட்டால் ஏறாதே என்று. "பொண்டாட்டி மூத்திரத்தக் கோயில்ல வந்து பேசறாரு பாரு" என்று ஒருத்தி சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். என் தங்கை சிரிக்கவில்லை. பெரிய வெள்ளி அன்று அவள் எல்லோரும் பார்க்கத் தண்ணீர் பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினாள். வேறு சிலரும் குடித்தார்கள். எல்லோரும் குடிக்கவில்லை.

என் பெண்டாட்டி ஏறவில்லை. புளியமரத்தடியில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினாள். மேலே முட்டி போட்டு எழுந்துகொண்டிருந்தார்கள். ஒன்பதாவது சிலுவையில் எல்லோரும் எழுந்தார்கள். ஒரு புள்ளி எழவில்லை.

அவள் உருட்டுவதை நிறுத்தினாள். "யாருங்க அது?"

"தெரியல."

தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டேன். "இடுப்பு..." என்றாள். பிறகு கேன் மூடியை இறுக்கிவிட்டாள். அந்த விபத்துக்குப் பிறகு நான் கரடு ஏறியது அன்றைக்குத்தான். பாறை செருப்புக்குள் சுட்டது. இடுப்பு ஒவ்வொரு அடிக்கும் கத்தியது. மேலே போனபோது, கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்த ஒரு சின்னப் பெண் சிலுவையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெள்ளையாக இருந்தது. சுற்றி நின்ற பெண்கள் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். என் தங்கை பாட்டிலை நீட்ட, அவள் வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்கு மூச்சு வாங்கியது. அவளிடம் கேட்க என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"கடசியா எப்பம்மா மூத்திரம் போன?"

ஒருத்தியும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.  கேனுக்குக் கையை நீட்டினாள்.